காதில் தெரிந்த நோவு

மலாயாவில் புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய பெத்தம்மாளுக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷத்து மழைக்காலத்தில் வலது காது குத்த ஆரம்பித்தது. அதற்குச் சில வாரம் முன்தான் அவள் புருஷன் முனுசாமி கள்ளு போதையில் அந்தக் காதோடு சேர்த்து அறைந்திருந்தான். அதனால் யாரும் வேறு காரணம் தேடவில்லை. தோட்டக் கூலிகள் குடியிருந்த லயமே அவனைத்தான் குற்றவாளியாகப் பார்த்தது.

முனுசாமி குடியை விட்டான். எண்ணெயைச் சூடாக்கிக் காதில் விட்டான், சோறு வடித்தான், அவளுடைய பால் வாளியையும் தானே சுமந்தான். வலி மட்டும் குறையவில்லை. எச்சில் விழுங்கினாலே காதுக்குள் ஊசி இறங்கியது. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து அலுத்துப்போய், மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இருவரும் ரயிலேறினார்கள்.

வெள்ளைக்கார டாக்டர் காதுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். சவ்வு கிழியவில்லை, சீழும் இல்லை. பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, அடிநாக்கில் விரலை வைத்து அழுத்தினார். காதில் சுரீரென்றது. பெத்தம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் சொன்னதை ஆஸ்பத்திரி டிரசர் அந்தோணிராஜ் தமிழில் சொன்னார். "காது நல்லாத்தான் இருக்கும்மா. காதோட உள்ளறைக்கும் தொண்டைக்கும் ஒரே நரம்பு போகுது. நோவு தொண்டையில. ஆனா காதுல நோவுற மாதிரி தெரியுது. அங்க கட்டி வளந்திருக்கு. கெட்ட கட்டி." கத்தி வைக்க முடியாத அளவுக்குப் பரவிவிட்டது என்பதைத் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

முனுசாமி முன்னால் வந்தான். "அப்ப நான் அடிச்சதால இல்லீங்களா?"

"இல்ல."

அவன் மறுபடியும் கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டான். பிறகு சுவரோரம் குந்தி அழுதான். பாரம் இறங்கிய அழுகை அது என்று பெத்தம்மாளுக்குப் புரிந்தது. கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பயமும் வரவில்லை. டாக்டர் கை கழுவும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

ரயிலில் பாதி வழியில்தான் அவனுக்கு மற்றது உறைத்தது. "பெத்தம்மா, பொழச்சுக்குவல்ல?"

"தெரியல," என்றாள்.

லயத்துக்கு வந்ததும் அவன் வீடு வீடாகப் போய்த் தன் அடி காரணமில்லை என்று சொன்னான். பக்கத்து வீட்டுக் கருப்பாயி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெத்தம்மாளோ, நாளைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு எத்தனை மணிக்கு என்று விசாரித்தாள்.

கஞ்சி இறங்கும்வரை வேலைக்குப் போனாள். தைப்பூசம் கழிந்து பேச்சு நின்றது. முனுசாமி அவளை நிமிர்த்திச் சாய்த்து, துணியை நனைத்து உதட்டில் பிழிவான். அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. மாசி பிறந்து சில நாளில், தோட்டம் வேலைக்குப் போயிருந்த காலை நேரத்தில், அவள் போய்ச் சேர்ந்தாள்.