கடைசி ரேஸும் ஒரு ஜோடி பூட்ஸும்

தனகோடி பூட்ஸைத் தொடைமேல் கவிழ்த்துப் போட்டு, குத்தூசியைச் சோலுக்குள் இறக்கி, நூலை வாங்கி இழுத்தார். ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில், மருந்துக்கடை ஓரமாகக் குடை விரித்து இருபது வருஷமாகச் செருப்பு தைக்கிறவர் அவர். இப்படியொரு பூட்ஸ் இதுவரை அவர் கைக்கு வந்ததில்லை. கெண்டைக்கால் உயரம், கணுக்காலில் கெட்டிப் பிளாஸ்டிக் கவசம், பக்கவாட்டில் ஜிப். வலது பூட்ஸின் சோல் கட்டைவிரலிலிருந்து நடுப்பாதம் வரை வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"செய்யார்ல ஷூ கம்பெனில சோல் ஒட்றேன்னு சொல்ற. உன் பூட்ஸுக்கு எங்கிட்ட வந்துகிற. நல்லா கீதுப்பா உன் கதை" என்றார் தனகோடி.

"அங்க ஒட்றதெல்லாம் கப்பல்ல போவுது அண்ணே. நம்மளுத உள்ள எடுத்துனு போனா கேட்லயே புடிச்சுக்குவாங்க."

அன்புச்செல்வன் சிரித்தபடிதான் சொன்னான். ஆனால் அவன் கண் குத்தூசியை விட்டு அகலவில்லை. அன்று காலை, பைக் ரேஸின் சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில், மூன்றாவது வளைவில் வண்டி சறுக்கிவிட்டது. வண்டிக்கு ஒன்றுமில்லை, அவனுக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. தரையில் இழுபட்ட பூட்ஸ் மட்டும் பிய்ந்துபோயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து ஊருக்கு வந்திருந்தான்.

மறுநாள் அந்த வருஷத்தின் கடைசி ரேஸ். பத்து மாதமாக நடந்த சாம்பியன்ஷிப்பில் அவனும் கோயம்புத்தூர்க்காரன் குமரேசனும் புள்ளிக் கணக்கில் சமமாக நின்றார்கள். இரண்டு பேரில் எவன் முன்னால் வருகிறானோ அவனுக்குப் பட்டம். பட்டம் வாங்குகிறவனை வண்டி கம்பெனி தன் டீமில் எடுத்துக்கொள்ளும். மாதச் சம்பளம், ஆஸ்பத்திரிச் செலவு, உடுப்பு எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். அன்புவுக்கு இது வெறும் பெருமை விஷயமில்லை. "சனிக்கிழமை லீவு போட்டா திங்கக்கிழமையும் வராத" என்று ஷூ கம்பெனி சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவன் சனிக்கிழமை போகவில்லை. வீட்டில் மனைவி அகல்யாவுக்கு ஏழாவது மாதம். அவளிடம் இதை அவன் இன்னும் சொல்லவில்லை.

"தாங்குமா அண்ணே?"

"நடந்தா ஒரு வருஷம் தாங்கும்" என்றார் தனகோடி. நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். "நீ நடக்கிறவனா?"

ஞாயிறு காலை ஏழரைக்கே பதில் தெரிந்துவிட்டது. டிராக்கில் உடுப்புகளைச் சரிபார்க்கும் மேஜையில் இருந்த ஆள் பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தார். பசையும் விட்டது, தையலும் விட்டது. உள்ளே விரலை விட்டு ஆட்டிக் காட்டினார்.

"இது செல்லாது. வேற கொண்டு வா. பத்து மணிக்குள்ள."

அன்பு பூட்ஸோடு தங்கள் கூடாரத்துக்கு ஓடினான். கூடாரத்தில் 'முருகேசன் சில்க்ஸ்' என்று பெரிய எழுத்தில் பேனர். ஆரணியில் மூன்று மாடிப் பட்டுக்கடை வைத்திருக்கும் முருகேசன்தான் இந்த டீமுக்கு முதலாளி. வண்டி அவருடையது. அன்பு மாட்டிக்கொள்ளும் தோல் உடுப்பு அவருடையது, அதன் முதுகிலும் அவர் கடைப் பெயர். அவர் மகன் ஹேமநாத் பெரிய வண்டிப் பிரிவில் ஓட்டுகிறான், அன்பு சின்ன வண்டிப் பிரிவில். பையனுக்குத் துணையாக ஓட்டட்டும் என்று அன்புவைச் சேர்த்தார். துணைக்கு வந்தவன் பட்டத்துக்கு நிற்பான் என்று அவரே நினைக்கவில்லை.

"ஐய, நேத்தே சொல்லக் கூடாதா?" என்றான் ஹேமநாத். "வீட்ல என் பழைய ஜோடி சும்மா கெடக்குது. எடுத்துனு வந்திருப்பேனே."

நேற்று மாலை அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் அன்பு போனான். கேட் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுகூடப் பார்த்தான். கேட்க வாய் வரவில்லை. போன மாதம்தான் கையுறை கேட்டு வாங்கியிருந்தான், அதற்குள் பூட்ஸ் என்று போய் நிற்க வெட்கமாக இருந்தது.

"இப்ப போட்டிருக்கிறத குடு தம்பி" என்று கத்தினார் மெக்கானிக் முத்துவேல். ஆரணி விசைத்தறிகளில் பதினைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவர், தறிச் சத்தத்தில் பேசிப் பேசி ரகசியத்தைக்கூட ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்லுவார். "அன்பு ரேஸ் ரெண்டரைக்கு. உன்னுது மூணரைக்கு. நடுவுல எவ்வளவு நேரம் கீது! அவன் முடிச்சதும் கழட்டிக் குடுத்துடுவான்."

ஹேமநாத் உடனே சரியென்றான். மோசமான பையன் இல்லை அவன். அளவும் ஒன்றுதான், எட்டு.

மேஜைக்காரர் இந்த முறை பூட்ஸை வளைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். முத்துவேல் அடுத்த வேலையில் இறங்கினார். அந்தப் பிரிவில் ஓட்டுகிறவன், ஹெல்மெட், உடுப்பு, பூட்ஸ் எல்லாம் சேர்த்து அறுபத்தைந்து கிலோ இருக்க வேண்டும். ரேஸ் முடிந்ததும் முதல் மூன்று பேரை எடை மேடையில் ஏற்றிப் பார்ப்பார்கள். குறைந்தால் முடிவு ரத்து. ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கும் அன்புவுக்கு உடுப்பின் உள்பையில் ஈயத் தகடு வைத்தால்தான் எடை தேறும். முத்துவேல் அவனை மேடையில் ஏற்றி, தகட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"அறுபத்தாறு புள்ளி ரெண்டு. ஓட்டறப்ப வேர்வையில அரை கிலோ போவும். இன்னும் ஒரு தகடு வெச்சா நேர் ரோட்ல வண்டி மந்தமாயிடும். போதும்."

ஒரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. டிராக்கில் கணுக்கால் அளவு தண்ணீர். ரேஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போயின. மூன்றே முக்காலுக்கு மழை விட்டதும் பத்துப் பேர் துடைப்பக்கட்டையால் தண்ணீரைத் தள்ளினார்கள். வெளிச்சம் போவதற்குள் இரண்டு ரேஸையும் முடித்தாக வேண்டும். அன்பு வண்டியில் உட்கார்ந்து புறப்படும் கோட்டுக்கு உருண்டுகொண்டிருந்தபோது முத்துவேல் கூடவே ஓடிவந்தார்.

"நடுவுல எட்டு நிமிஷந்தான்டா! எட்டே நிமிஷம்! முடிச்சதும் எங்கயும் நிக்காத!"

அன்பு தலையாட்டினான். சிவப்பு விளக்கு அணைந்தது.

எட்டுச் சுற்று. முதல் சுற்றிலேயே குமரேசன் முன்னால் போய்விட்டான். அன்பு மூன்றாவது. காய்ந்த தார் ஒரு வண்டி அகலத்துக்குத்தான் இருந்தது. அதை விட்டு ஒரு சாண் விலகினாலும் பின்சக்கரம் வழுக்கியது. நாலாவது சுற்றில் இரண்டாவதாகப் போனவன் வளைவில் தானே விலகிப் போய்ப் புல்லில் இறங்கினான். இனி குமரேசன் மட்டும்தான். அவன் வண்டி வாரியிறைத்த சேற்றுத் தண்ணீர் அன்புவின் கண்ணாடியில் அடித்தது. இடது கையால் துடைத்துத் துடைத்து ஓட்டினான். ஏழாவது சுற்றில் பக்கத்தில் போனான், முந்த முடியவில்லை. கடைசிச் சுற்றில், நேற்று விழுந்த அதே மூன்றாவது வளைவில், குமரேசன் பயந்து ஒரு நொடி முன்னதாகப் பிரேக் பிடித்தான். அன்பு பிடிக்கவில்லை. வண்டி ஆடியது, நிலைக்கு வந்தது, திரும்பியது. வளைவை விட்டு வெளியே வந்தபோது முன்னால் யாரும் இல்லை.

கொடியைத் தாண்டியதும் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு அழுதான். "அகல்யா, அகல்யா" என்று கத்தினான். யாருக்கும் கேட்கவில்லை.

முதல் மூன்று வண்டிகளையும் கம்பி வேலி அடைப்புக்குள் விட்டார்கள். குமரேசன் இறங்கி வந்து தோளில் தட்டினான். "ஜெயிச்சுட்டீங்க பாஸ்." அடைப்பின் நடுவில் எடை மேடை. அதன் திரையில் எண் வரவில்லை. ஒரு ஊழியர் ஒயரைப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தார். அப்புறம் மேடையைத் தூக்கி அடியில் துணியால் துடைத்தார். ஒரு நிமிஷம், இரண்டு, மூன்று. சிவப்புத் தொப்பி அணிந்த அதிகாரி வாக்கி டாக்கியில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

வேலிக்கு வெளியே முருகேசன் மூச்சு வாங்க வந்து நின்றார். கொஞ்சம் தள்ளி ஹேமநாத், உடுப்பு மாட்டி, ஹெல்மெட் மாட்டி, வெறும் சாக்ஸோடு வண்டிமேல் இருந்தான். முத்துவேல் அந்த வண்டியின் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் அவருக்கு இங்கே எதுவும் கேட்காது.

"அன்பு, பூட்ஸக் குடுடா."

"எடை பாக்கணும் மொதலாளி. இப்ப ஆயிடும்."

ஒலிபெருக்கி கரகரத்தது. அடுத்த ரேஸுக்கு டிராக்குக்குள் போகும் வழி மூன்று நிமிடத்தில் அடைக்கப்படும் என்றது.

"மூணு நிமிஷம்ன்றான், காதுல விழலயா? ஜல்திடா. புள்ள வெறுங்கால்ல நிக்கிறான் பாரு."

அன்பு எடை மேடையைப் பார்த்தான். ஊழியர் இன்னும் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி பக்கம் ஓடினான்.

"சார், பூட்ஸ் அடுத்த ரேஸ்ல ஓட்றவரோடது. குடுத்துட்டு எடை பாக்கலாமா சார்?"

அதிகாரி வாக்கி டாக்கியைக் காதிலிருந்து எடுக்காமல் கையை மட்டும் உயர்த்தி அசைத்தார். போ என்பது போலத்தான் இருந்தது. அன்பு வேலியோரம் உட்கார்ந்தான். ஜிப்பை இறக்கினான். இடது, அப்புறம் வலது. முருகேசன் வேலிக்கு மேலாகக் கையை நீட்டி இரண்டையும் வாங்கிக்கொண்டு ஓடினார். அவ்வளவு பெரிய மனிதர் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்க்க அன்புவுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

திரையில் சுழியம் வந்தது. "ஃபர்ஸ்ட் யாரு? ஏறு."

ஹெல்மெட், கையுறையோடு ஏறினான். பாதத்தின் கீழே தகரம் சில்லென்றிருந்தது. எண்கள் ஓடி நின்றன. அறுபத்து மூன்று புள்ளி ஒன்பது.

அதிகாரி குனிந்து திரையைப் பார்த்தார். நிமிர்ந்து அவன் காலைப் பார்த்தார்.

"பூட்ஸ் எங்க?"

"உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே சார் குடுத்தேன்."

"எங்கிட்டயா? எப்போ?"

"நீங்க போன்ல பேசிகினு இருந்தப்போ. கைய இப்படிக் காட்டினீங்களே சார்."

"இருன்னு காட்டினேன்யா. குடுன்னா சொன்னேன்?"

அதிகாரி அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் ஹேமநாத்தின் ரேஸ் புறப்படும் சத்தம் மொத்த இடத்தையும் அதிரவைத்தது. அது அடங்கியதும் முத்துவேல் வேலியருகே ஓடிவந்தார். விஷயம் புரிந்ததும் போட்ட கூச்சலில் பக்கத்துக் கூடாரத்து ஆட்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஒரு ஜோடி பூட்ஸு சார்! அது இந்தா, டிராக்ல சுத்திகினு கீது! கால் மணி நேரம் பொறுங்க, வந்ததும் மாட்டி நிறுத்தறேன்!"

"அடைப்புக்குள்ள வந்தப்புறம் ஒரு பொருளும் வெளிய போவக் கூடாது. எழுதி வெச்ச ரூல். வெளிய போனத திரும்பக் கொண்டாந்தா நான் எப்படி ஒத்துக்குவேன்? நான் அனுமதி குடுத்தேன்னு யாராவது பாத்தாங்களா, சொல்லச் சொல்லு."

பார்த்தவர் ஒருவர் இருந்தார். அன்பு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"மொதலாளி, நீங்க இங்கதான நின்னீங்க. சார் கையக் காட்டினத பாத்தீங்க இல்ல?"

முருகேசன் அதிகாரியைப் பார்த்தார். மகன் இப்போது அதே அதிகாரியின் ரேஸில் ஓடிக்கொண்டிருக்கிறான், அடுத்த வருஷமும் ஓடவேண்டியவன். வேட்டி நுனியில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டார்.

"நான் நம்ம ஹேமு பக்கம் பாத்துகினு இருந்தேன்பா. கவனிக்கல."

"மொதலாளி..."

"விடு அன்பு. பேஜார் பண்ணாத. வயசு கீது உனக்கு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். வா, வந்து எதனா சாப்டு."

முத்துவேல் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வீசிவிட்டுக் கூடாரத்துக்குப் போய்விட்டார்.

அட்டையில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டான். ஒலிபெருக்கியில் குமரேசன் பெயரைச் சொன்னார்கள். குமரேசன் அவனைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு பரிசு மேடைப் பக்கம் நடந்தான்.

ஹேமநாத் பதினோராவதாக வந்தான். முத்துவேல்தான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். வண்டியைப் போட்டுவிட்டு நேராக அடைப்புக்கு வந்தான். தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி அன்புவின் முன்னால் வைத்தான்.

"நீயே வெச்சுக்க அன்பு. எனக்கு வேணாம்."

அவன் கண் கலங்கியிருந்தது. சாக்ஸோடு எழுந்து, ஈரத்தில் தடம் பதிய நடந்து போனான்.

அடைப்பில் யாரும் இல்லை. பரிசளிப்பு நடக்கும் இடத்தில் பட்டாசு வெடித்தார்கள். அன்பு பூட்ஸை மாட்டிக்கொண்டான். உள்ளே ஹேமநாத்தின் கால்சூடு இன்னும் ஆறவில்லை. ஜிப்பை மேலே இழுத்தான். ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டி வாரைக் கட்டினான், கையுறை மாட்டினான். எடை மேடையில் ஏறி நிமிர்ந்து நின்றான்.

எண்கள் ஓடி நின்றன. அறுபத்தைந்து புள்ளி ஏழு.

ஊழியர் ஒயர்ச் சுருளோடு வந்தார்.

"எறங்குப்பா, மிஷின மூட்டை கட்டணும்."

அன்பு இறங்கவில்லை. அவர் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தார், அப்புறம் திரையைப் பார்த்தார். குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.