வெள்ளை விழுந்த இலை

மகன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனாலும் அங்கே வாசலில் நிற்கும் செடியிலிருந்து ஒரு துண்டு கிள்ளாமல் திரும்ப மாட்டான். காலி டிபன் பாக்ஸைத் திறந்தால் ஈரத்துணிக்குள் ஒரு கிளை படுத்திருக்கும். "அம்மா, விருந்தாளி வந்திருக்கு. தண்ணி குடு" என்பான். "கேட்டு எடுத்தியாடா?" என்றால், "கேட்டு வாங்கினா வேர் விடாதும்மா, ரோஷக்காரச் செடி" என்று சிரிப்பான். பெயின்ட் வாளி, காது உடைந்த குவளை, ஓட்டை குக்கர் எல்லாம் அந்த வீட்டில் தொட்டிகளானது அப்படித்தான்.

கடைசியாக வந்தது மணி பிளான்ட். பச்சையில் பால் தெறித்தது போல வெள்ளை விழுந்த இலைகள். அது தண்ணீரில் வேர் விட்ட வாரம், வேலைக்குப் போன கட்டடத்திலிருந்து அவன் உடலைத் தூக்கி வந்தார்கள்.

அம்மா வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். மெஷின் பக்கத்து ஜன்னலில் அந்தத் தொட்டியை வைத்துக்கொண்டாள். அங்கே வெளிச்சம் குறைவு. ஒருநாள் வெள்ளையே இல்லாமல் கொழுகொழுவென்று முழுப் பச்சையாக ஒரு இலை வந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். பச்சை மளமளவென்று ஏறியது. வெள்ளை இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து விழுந்தன. கடைசியில் ஜன்னல் கம்பி முழுக்கப் பச்சைதான். அவன் கொண்டுவந்த செடி அதில் எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளை இன்னும் எங்காவது இருந்தால் அது மருமகளிடம்தான். வேறு கல்யாணம் செய்துகொண்டு போகும்போது அவள் ஒரு துண்டை ஷாம்பு பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டாள். "கொண்டு போ. அங்க போய் அவனை மறக்கறதோட இதையும் சேர்த்து மற" என்று இவள் சொல்லியிருந்தாள். அதை நினைத்தால் இன்றும் நாக்கு கூசும். அப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

கதவைத் திறந்தது புதுக் கணவன். "வாங்கம்மா, உள்ள வாங்க. ஏய், யார் வந்திருக்காங்க பாரு!"

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு கணம் அவள் உதடு தடுமாறியது. "வாங்க அத்தை" என்றாள்.

பால்கனியில், பாதியாக அறுத்த தண்ணீர் கேனில், இலைக்கு இலை வெள்ளை வழியச் செடி தொங்கியது.

"கத்தரியும் கையுமா இதுகிட்டயேதான் உட்கார்ந்திருப்பா" என்றான் அவன். "எனக்கு ஒரு பட்டன் தெச்சுத் தரச் சொல்லி ஒரு மாசம் ஆச்சு." சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனான்.

"என்கிட்ட எல்லாம் பச்சையாப் போயிடுச்சும்மா."

"பச்சையை விடக்கூடாது அத்தை. அதுக்குத்தான் பலம் ஜாஸ்தி, வெள்ளையை அமுக்கிடும். வெள்ளை இருக்கிற கணு வரைக்கும் வெட்டிடணும்."

"நல்லா வளர்றதைப் போய் எப்படிம்மா வெட்டறது?"

"கஷ்டமாத்தான் இருக்கு." மருமகள் நிமிராமல் ஓர் இலையின் தூசியைத் துடைத்தாள். "விட்டா அவர் கொண்டு வந்தது போயிடுமே."

அவனை மறந்துவிட்டாள் என்று மருமகளைப் பற்றிப் பார்த்தவர்களிடமெல்லாம் தான் சொல்லி வைத்திருந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. மன்னிப்பு கேட்கத்தான் வாயைத் திறந்தாள். "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றுதான் வாய் சொன்னது. தண்ணீரோடு, கேட்காமலே, ஈரத்துணியில் சுற்றிய ஒரு துண்டும் வந்தது.

அது வேர் விட்டது. இரண்டு இலை வெள்ளையோடு வந்தது. மூன்றாவது சுருள் பிரிந்தபோது முழுப் பச்சை. எத்தனையோ துணியைத் தயங்காமல் வெட்டிய கை, கத்தரியோடு அப்படியே நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"பச்சை வந்துடுச்சும்மா."

"வெட்டிடுங்க அத்தை."

"என்னால முடியல. நீ வந்து வெட்டிட்டுப் போறியா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. இவளும் ஃபோனை வைக்காமல், அந்தப் பச்சை இலையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.