ரெட்டைக்குழல் ஹாரன்

மெக்கானிக் ஷெட்டில் அந்தப் பெரிய டூரிங் பைக் முன்விளக்கு கழன்ற நிலையில் நின்றது. கம்பெனி கொடுத்த ஹாரன் தரையில் கிடந்தது. அதன் இடத்தில் ரெட்டைக்குழல் ஏர் ஹாரனைப் பொருத்திவிட்டு, பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான் மெக்கானிக்.

"அண்ணே, இது பஸ்ஸுக்கு மாட்டுற ஹாரன். பைக்குக்கு இவ்வளவு சத்தம் வேணுமா?"

"போன வாரம் ஒரு லாரிக்காரன் என்னைக் கவனிக்காமலே வண்டியை என் பக்கமா ஒடிச்சுத் திருப்பிட்டான் தம்பி. மயிரிழையில தப்பிச்சேன். நீ மாட்டு" என்றார் பைக்கின் சொந்தக்காரர்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பயத்துக்கு வாங்கிய சாமான் பந்தாவுக்குப் பயன்பட எத்தனை நாளாகும்? மனிதர் மருந்துக்கடை வைத்திருப்பவர். வாரம் முழுக்கக் கல்லாவில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் "இதோ தரேங்க" என்று குழைகிறவர். ஞாயிற்றுக்கிழமை அந்த ஹாரனை ஓர் அமுக்கு அமுக்கினால் கார்கூட ஒதுங்கி வழிவிட்டது. அந்த ருசி அவரை விடவில்லை. மெல்ல மெல்ல, பிரேக் பார்க்க வேண்டிய வேலையையும் கட்டைவிரலே பார்க்கத் தொடங்கியது.

"என்னங்க, பாவம், அந்தப் பெரியவர் பதறிப்போயிட்டாரு. கொஞ்சம் மெதுவாப் போனா என்ன குறைஞ்சிடப் போகுது?" என்பாள் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி.

"பதறட்டும். அப்பத்தான் ஓரமாப் போவாங்க."

இன்னொரு ஞாயிறு. சிறிய பாலம் ஒன்றுக்கு முன்னால் சாலை குறுகிக்கொண்டு போனது. முன்னே ஒரு பெண் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாள். ஓரமாகத்தான் போனாள். மருந்துக்கடைக்காரர் வேகத்தைக் குறைக்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் ஹாரனை அலறவிட்டார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹாண்டில்பார் ஒரு பக்கமாகத் திரும்பியது. சைக்கிள் தார் விளிம்பிலிருந்து சரிய, அவள் தலை பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதியது.

பைக் அவள்மேல் படவேயில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியைத் தவிர, பார்த்தவர்களும் யாருமில்லை. அவர் வண்டியை நிறுத்தி ஓடிப்போய், அவளைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, வந்த ஆட்டோவை மறித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அதுவரைக்கும் செய்தது சரிதான்.

அவளுடைய புருஷன் வெல்டர். பட்டறையில் இருந்தவன் கரி படிந்த சட்டையோடு ஓடிவந்தான். விஷயம் கேட்டதும் மருந்துக்கடைக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "தெய்வம் மாதிரி வந்தீங்க சார். வேற யாராவது இருந்தா நமக்கென்னன்னு போயிருப்பாங்க."

அவர் மெல்லத் தன் கையை உருவிக்கொண்டார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார். வெல்டர் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுகைக்கு நடுவிலும் நிமிர்ந்து பார்த்து, "நீங்க என்ன பண்ணுவீங்க சார்? உங்களால ஆனதைச் செஞ்சீங்க" என்றான்.

அந்த வார்த்தையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நல்ல பேரோடு அப்படியே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்டிருக்கப் போவதில்லை. அவர் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"உங்க சம்சாரம் தானா விழலப்பா. நான் ஹாரன் அடிச்சேன். அந்தச் சத்தத்துல பயந்துதான் விழுந்தாங்க. பிரேக் இருந்துச்சு, பிடிக்கல. ஹாரன்ங்கிறது வழி கேக்கத்தான். நான் அதை வெச்சு ஆளுங்கள விரட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். அடிச்சுக் கொன்னாத்தான் கொலையா? இதுவும் கொலைதான். போலீஸ்லயும் இதையே சொல்றேன்."

வெல்டர் அவரை அடிக்கவில்லை.

"அவ்வளவு அவசரமா எங்க சார் போயிட்டிருந்தீங்க?"

"எங்கயும் இல்ல... லீவு நாளு... சும்மா ஒரு ரவுண்டு."

"பாலம் தாண்டினதும் அவளே ஒதுங்கி வழி விட்டிருப்பாளே, சார்."