ஏழாவது லேயர்

வேதவல்லியின் முகம் செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய மேஜைக்கே திருத்தத்துக்கு வந்தது. அந்த அனிமேஷன் ஸ்டுடியோவில் இது புதிதல்ல. போன மாதம் வாட்ச்மேன் தன் முகத்தைத் தானே மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மாலையில் வந்து வாங்கிக்கொண்டார்.

வேதவல்லிக்குப் பதினோரு வருடமாகத் தோல் வேலை. மற்றவர்கள் கம்ப்யூட்டரில் உருவத்தைச் செதுக்கி அனுப்புவார்கள். அதன்மேல் இவள் சுருக்கம், தழும்பு, மயிர்க்கால் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி லேயராகப் போர்த்துவாள். எதையும் கூட்டலாம், குறைக்கலாம், பூஜ்யத்துக்கு இழுத்து மறைக்கலாம்.

அவள் முகத்தில் ஏழு லேயர்கள் இருந்தன.

"ஆறுக்கு மேல முகம் தாங்காதும்மா," என்றார் சூப்பர்வைசர் சடகோபன். "நாலு மணிக்குள்ள ஒண்ணத் தூக்கிடு."

"இத்தன நாள் தாங்கிச்சே சார்."

"இத்தன நாள் யாரும் எண்ணல."

அவள் எண்ணினாள். முதலாவது முகம். அதன்மேல் நெற்றிச் சுருக்கம், அம்மைத் தழும்பு, சிரிப்புக் கோடு, மயிர்க்கால், கண்ணாடி அழுத்திய பள்ளம். ஏழாவதற்குப் பெயர் இல்லை. வேலை அவசரத்தில் பெயர் வைக்க மறந்த லேயர் எல்லாருடைய கோப்பிலும் ஒன்றாவது கிடக்கும்.

ஏழாவதைப் பூஜ்யத்துக்கு இழுத்தாள். திரையில் ஒன்றும் மாறவில்லை. பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு துளைகூட நகரவில்லை. இதையே தூக்கிவிடலாம் என்று நினைத்தாள். அதில் நிம்மதியும் இல்லை, வருத்தமும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன தம்பியை நினைத்துப் பார்த்தாள். மின்விசிறி சுற்றுகிறது. தம்பி இறந்துவிட்டான். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

எதிர் மேஜையில் மெஹருன்னிசா போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. போனைக் கீழே வைத்தாள்.

"யாரு மெஹரு போன்ல?"

"எங்க அக்கான்னு போட்டிருக்கு."

அப்போதுதான் வேதவல்லி கவனித்தாள். சிமெட்ரி போட்டபடியே இருந்தது. நேற்று ஒரு டைனோசரின் இமைக்குச் சுருக்கம் போர்த்தும்போது போட்டது. இடது இமையில் செய்வது வலது இமையிலும் விழும். முடிந்ததும் அணைக்க வேண்டும். அவள் அணைக்கவில்லை. இடதையும் வலதையும் பிரிக்கும் நடுக்கோடு இரண்டு மேஜைகளுக்கும் இடையில் போய் விழுந்திருந்தது; இங்கே செய்தது எதிரேயும் விழுந்தது.

பதறிப்போய் லேயரைப் பழைய அளவுக்குத் தள்ளினாள். தம்பி மறுபடியும் இறந்துபோனான்.

எதிரே மெஹருன்னிசா போனை எடுத்தாள். "லைன் கட்டாயிடுச்சுக்கா. சொல்லு, அப்புறம் அந்தப் பொம்பள என்ன சொன்னா?"

வேதவல்லி கண்ணைத் துடைத்தபோது முழங்கை பட்டு லேயர் நூற்று முப்பதுக்குப் போய்விட்டது. மெஹருன்னிசா டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து அழத் தொடங்கினாள். "எலுமிச்சை சாதம் வேதாக்கா. எவ்ளோ மஞ்சளா இருக்கு பாருங்க."

வேதவல்லிக்கும் அழுகை வந்தது. பழையபடி நூற்றுக்குக் குறைத்தாள்.

மூன்றரை மணிக்குச் சடகோபன் வந்து நின்றார்.

"அந்த ஏழாவது என்ன வேல செய்யுது?"

"வெளிய ஒண்ணும் தெரியல சார்."

"அப்ப அதையே தூக்கேன். என்ன யோசன?"

"அது மட்டும் வேணாம் சார்."

"பேராவது சொல்லு."

அவள் பெயர்க் கட்டத்தைத் திறந்தாள். ஓரெழுத்தை அடித்து, அதையும் அழித்தாள். அவர் கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வேதவல்லி பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். அம்மைத் தழும்பை விட மனம் வரவில்லை. கண்ணாடிப் பள்ளத்தையும் விட முடியவில்லை; அதைச் சம்பாதிக்கப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. கடைசியில் முதலாவது லேயரில் சுட்டியை வைத்தாள்.

மெஹருன்னிசா எட்டிப் பார்த்தாள். "வேதாக்கா, அது மூஞ்சி."

"தெரியும். நீ பயப்படாத, சிமெட்ரிய அணைச்சுடறேன்."

மெஹருன்னிசா டிபன் பாக்ஸை மூடினாள். "இருக்கட்டும்கா, அணைக்காதீங்க. என்னோடது அடுத்த வாரம் வருதாம். எங்கிட்டயும் ஏழுதான்."

வேதவல்லி முகத்தை அழித்தாள். பிறகு மறக்காமல் சிமெட்ரியை அணைத்தாள். அணைந்ததா என்று இரண்டு தடவை பார்த்தாள்.

சுருக்கங்கள் அந்தரத்தில் அதனதன் இடத்திலேயே நின்றன. தழும்பும் அசையவில்லை. சடகோபன் விரல் விட்டு எண்ணினார்.

"ஆறு. இப்பதான் முகம் மாதிரி இருக்கு," என்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டு பேரும் கீழே டீ குடிக்கப் போனார்கள். மெஹருன்னிசாவின் நெற்றிச் சுருக்கத்துக்குப் பின்னால் டீக்கடையின் முறுக்கு பாட்டில் தெரிந்தது.

"ரெண்டு பேருக்கும் சர்க்கர கம்மிதானே?" என்றார் டீக்கடைக்காரர். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"இவரு எப்பவுமே நம்மள இப்படித்தான் பாக்குறாருக்கா," என்றாள் மெஹருன்னிசா.

அவளுடைய சிரிப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குவிந்தன.

சிமெட்ரி அணைந்துதான் இருந்தது. வேதவல்லியின் கோடுகளும் குவிந்தன.