வரம்புக்கு மேல் இன்சூரன்ஸ்

வலது கை போனபின் பாசித் ஓட்டிய ஒரே வண்டி, கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓடும் சரக்கு ரயில்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவன். ஆவடிச் சாலையில் நண்பன் திருமுருகன் ஓட்டிய பைக் லாரியில் மோதியபோது பின்னால் உட்கார்ந்திருந்தான். திருமுருகனுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

விளையாட்டைக் கொண்டுவந்து கொடுத்தவனும் திருமுருகன்தான். ஞாயிறுதோறும் நெமிலிச்சேரியிலிருந்து பூந்தமல்லிக்கு வந்துவிடுவான். விளையாட்டில் இருவர் பேரிலும் ஒரு ரயில் கம்பெனி. எஞ்சினோ பெட்டியோ சேதமானால் செலவு ஆளுக்குப் பாதி. அதற்கும் ஒரு வரம்பு உண்டு. தாண்டினால் மிச்சத்தை இன்சூரன்ஸ் ஏற்கும். ஒற்றைக் கையோடு தடுமாறி பாசித் எதையாவது இடித்தால், அவன் பாதியையும் திருமுருகனே கட்டிவிடுவான். கேட்காமலே கட்டுவான். அதுதான் பாசித்தை அரித்தது.

ஒரு ஞாயிறு திருமுருகன் தனக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியோடு வந்தான். பாசித்துக்குப் பேசிவைத்திருந்த பெண்ணின் வீட்டார் ஆஸ்பத்திரியில் வந்து பார்த்ததோடு சரி. பாசித் வாழ்த்துச் சொன்னான். பிறகு எண்ணெய் டேங்கர்களை இழுத்துக்கொண்டு போய், மலையிறக்கத்தில் வேண்டுமென்றே பிரேக்கை விட்டான். திருமுருகன் தடுக்கவில்லை. வளைவில் ரயில் கவிழ்ந்து பாலத்தோடு எரிந்தது.

சேதக் கணக்கு திரையில் வந்தது. முன்பு எஞ்சின் ஒன்று மட்டும் கவிழ்ந்தபோது வந்த அதே தொகை. மிச்சமெல்லாம் இன்சூரன்ஸ். திருமுருகன் மவுசை நகர்த்தி இரண்டு பங்கையும் கட்டினான்.

“எவ்ளோ ஒடச்சாலும் உனுக்கு அவ்ளோதான், இல்ல மாமே?” என்றான் பாசித்.

திருமுருகனின் முகம் வெளுத்தது. “நான் இன்னா பண்ணணும்னு சொல்லு மச்சான். பண்றேன்.”

பாசித் யோசித்துப் பார்த்தான். இவன் செய்யக்கூடியது என்று ஒன்றும் தோன்றவில்லை. கோபத்தைத் தேடினான், அதுவும் இல்லை. இத்தனை மாதமாகத் தன்னைக் காலையில் எழுப்பிவிட்டது அந்தக் கோபம்தான்.

“நீ இனிமே வராத.”

பாசித்தின் அம்மா ரசூல் பீவி டீயோடு வந்தபோது திருமுருகன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அம்மா மனம் கோணக்கூடாதென்று நின்றபடியே குடித்தான். கல்யாணத்துக்கு அழைக்க வாயெடுத்து, அழைக்காமலே படியிறங்கினான்.

அடுத்த ஞாயிறு பாசித் கம்பெனியைத் திறந்தான். திருமுருகன் தன் கணக்கிலிருந்த விளையாட்டுப் பணம் முழுவதையும் பாசித் பேருக்கு மாற்றிவிட்டு விலகியிருந்தான். அந்தப் பணத்துக்கு எத்தனை ரயிலை வேண்டுமானாலும் கவிழ்க்கலாம். பாசித் ஒன்றையும் கிளப்பவில்லை.

அம்மா சோற்றுத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மகன் இடது கையால் சாப்பிடுவதைப் பார்க்க அவளுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. பிசைந்து, உருட்டி நீட்டினாள். அவன் வாயைத் திறந்தான்.