முக்கோணத்தின் முனை

கெட்டி அட்டையில் மெஷின் வெட்டிய மூன்றாவது முக்கோணமும் முனை மழுங்கித்தான் வந்தது. மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். கணவன் ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்து வெகு நேரமாகிறது.

பிறந்தநாள் தோரணத்துக்குத் தாளில் உருவங்கள் வெட்டுவதற்கென்று வீட்டுக்கு வந்த மெஷின் அது. இன்று அதன் தலையில் வேறு பாரம். போன வாரம் கண் மங்கிய மாமனார், காலை மாத்திரைக்குப் பதில் தூக்க மாத்திரையை விழுங்கிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டபடி குளியலறையில் சாய்ந்து கிடந்தார். திங்கள் முதல் அவளுக்கும் வேலை. பகலெல்லாம் அவர் தனியாள். டப்பாவைத் தடவி மாத்திரையைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று கணவன் கறாராகச் சொல்லிவிட்டான். மகள் வீட்டில் மூலையில் உட்காரமாட்டேன் என்று அவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. காலை டப்பாவுக்கு வட்டம், இரவு டப்பாவுக்கு முக்கோணம் வெட்டி ஒட்டலாம் என்பது அவள் யோசனை.

முதலில் ஸ்டிக்கர் தாள். மெஷின் சொன்ன பேச்சைக் கேட்டது. மாமனார் தடவிப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்றார். தாள் மெல்லிசு, அதுதான் காரணம் என்று சமாதானம் செய்துகொண்டு வெல்வெட் தாளுக்குப் போனாள். அதே அழுத்தத்தில் பிளேடு வெட்டாமல் இழுத்துக் கசக்கியது. அழுத்தத்தைக் கூட்டினால், தாளைப் பிடித்துவைக்க அடியிலிருந்த பசைப்பாய்வரை இறங்கியது. ஓரத்தில் குட்டிச் சதுரம் வெட்டிப் பார்த்து, துளித்துளியாகக் குறைத்து ஒருவழியாகச் சுத்தமாக வந்தபோது, அவர் வட்டத்தை முக்கோணம் என்றார்.

"எழுபது வயசுல என்னை எல்கேஜில சேத்துட்டியேம்மா. பெயிலாக்கிடாத."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்டி அட்டையை எடுத்தாள். ஒரே ஓட்டத்தில் வெட்டிய மூன்றிலும் முனைகள் நார்நாராகப் பிய்ந்தன. பிய்ந்த முனை விரலுக்கு வட்டம்தானே! புது பிளேடு மாட்டி, வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தையும் தணித்து, அதே கோட்டில் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். இப்போது வந்தது ஊசிபோல் முனை. டப்பாக்களில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம்.

கணவன் தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. டப்பாக்களை முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பிடித்து ஒவ்வொன்றாக நீட்டினான். "இது எதுப்பா?"

"ராத்திரி."

சரி. அடுத்ததும் சரி. எப்படி மாற்றினாலும் கிழவர் அசரவில்லை. கணவன் முகம் தெளிந்தது. இங்கேயே இருங்கள், அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று போனோடு உள்ளே போனான்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. மாமனாரின் விரல்கள் அட்டையே ஒட்டாத பக்கத்தில், வழவழப்பான பிளாஸ்டிக்கின் மேல் இருந்தன. டப்பாக்களை ஒவ்வொன்றாக லேசாகக் குலுக்கினார். இரவு மாத்திரை நிறைய இருந்தது; மந்தமாகச் சத்தம். காலை மாத்திரையோ தீரப்போகிறது, கலகலவென்றது. நாளை அதையும் நிரப்பிவிட்டால் இரண்டும் ஒரே சத்தம்.

"மாமா, விரல்ல ஒண்ணுமே தெரியலையா?"

"மரத்துப் போய் ரொம்ப நாளாச்சும்மா." குரல் தணிந்தது. "அவன்கிட்ட சொல்லிடாத."

உள்ளே கணவன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவள் மாமனாரின் ஆள்காட்டி விரலைப் பிடித்து முக்கோணத்தின் முனைமேல் வைத்து அழுத்தினாள். தோலில் குழி விழுந்தது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காது மட்டும் அவள் பக்கம் சாய்ந்திருந்தது.