ஒரு மீட்டர் உயரச் செடிகள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் தங்கை ஒரு மத்தியானம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னது. சொன்னபிறகு, "உன்கிட்ட சொல்லித் தொலைச்சுட்டேன். எழுதித் தொலைச்சுடாதண்ணே" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நகரங்கள் குழந்தைகளுக்காகக் கட்டப்படுவதில்லை, அவை…"

மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன். தங்கையின் மேசையிலிருந்து தொடங்குகிறேன்.

2

அவள் சாலை வடிவமைக்கும் பொறியாளர். ஒரு குடியிருப்புக்கும் பள்ளிக்கும் நடுவே ஓடும் நான்கு வழிச் சாலையை வரைந்தவள் அவள்தான். பள்ளி வாசலுக்கு நேரே கடப்பதற்கு வெள்ளைக் கோடுகளும், வண்டிகள் வேகம் குறைக்க ஒரு மேடும் வைத்திருந்தாள். மேலதிகாரி வரைபடத்தில் விரல் வைத்தார்.

"இது என்னம்மா?"

"ஸ்கூல் பிள்ளைங்க கிராஸ் பண்ண, சார்."

"அதான் நடைபாலம் இருக்கே. இங்க வண்டி நின்னா சிக்னல் வரைக்கும் நிக்கும். எடுத்துடுங்க."

எடுத்தாள். (இங்கே அவள் வாதாடுவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அண்ணன் பாசம். அடித்துவிட்டேன். அவள் சொன்னது "சரி சார்" மட்டும்தான்.)

கோடுகள் போன இடம் வெறிச்சென்று இருந்தது. சாலையின் முழங்கால் உயர நடுத்தடுப்பின் மேல், நெடுக அவளே செடிகள் வரைந்தாள். ஒரு மீட்டர் உயரம். யாரும் கேட்கவில்லை. அழகுக்காக.

3

நடைபாலத்துக்கு முந்நூறு மீட்டர் நடந்து, அறுபத்திரண்டு படி ஏறி இறங்கி, மறுபடி முந்நூறு மீட்டர் திரும்பி வர வேண்டும். குடியிருப்பில் எல்லோரும் 'வாலு' என்று கூப்பிடும் எட்டு வயதுப் பெண்ணுக்கு அது கட்டுப்படியாகவில்லை. அம்மாவுக்குத் தையல் ஆலையில் காலை ஷிப்ட். வாலு தனியாகத்தான் பள்ளிக்குப் போவாள். ஒரு மழைக்காலையில் மணி அடித்துவிட்டது. செடிகளுக்குள் புகுந்து வெளியே வந்தாள். வேன் ஓட்டியவருக்கு அதுவரை செடிகள் மட்டுமே தெரிந்தன.

(ஒரு வரைவில் அவள் இறந்துபோனாள். உங்களை அழவைக்க அது சுலபம். ஆனால் நடந்தது அதுவல்ல.)

இடது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிவிட்டது. இனி ஓட முடியாது என்றார் மருத்துவர்.

4

விபத்து அறிக்கை தங்கையின் மேசைக்கு வந்தது. காரணம் என்ற இடத்தில் 'சிறுமியின் கவனக்குறைவு' என்று இருந்தது. அதை மூடி வைத்துவிட்டு நேரே அந்த இடத்துக்குப் போனாள். செடிகளுக்குப் பின்னால் முட்டி போட்டாள். எட்டு வயதின் உயரத்தில் சாலையே தெரியவில்லை. இலை தெரிந்தது. சத்தம் கேட்டது.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். பள்ளியிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அந்த அம்மா ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"பாலத்துல போடின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் டீச்சர். கேட்டாளா? எல்லாம் இவ துடுக்குத்தனம்."

வாலு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இனிமே பாலத்துலயே போறேம்மா."

என் தங்கை, "தப்பு பாப்பா மேல இல்லம்மா" என்றாள்.

"பின்ன யார் மேல?"

5

இந்த இடத்தில் என் தங்கை நிறுத்திவிட்டாள். "நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாள்.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், "என் மேல" என்கிறாள். இன்னொன்றில், "அந்த வேன்காரன் மேல" என்கிறாள், அம்மா தலையாட்டுகிறார். முதலாவதை எழுதியது நான் அவளுக்கு அண்ணன் என்பதால். இரண்டாவதை எழுதியது அவளை நாற்பது வருடமாகத் தெரியும் என்பதால். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

அந்த அம்மா இன்னும் பதிலுக்காகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஸ்டூலில் இப்போது நீங்கள் உட்காருங்கள். சொல்வது எதுவானாலும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். வாலு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். தூங்கவில்லை.